ஒன்பது மணித் தண்ணீர்

என் வார்டுப் பெண்கள் என்னைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தது ஒரே ஒரு முறைதான். சும்மா பேச்சுக்குச் சொல்லவில்லை. முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு சிரித்ததில் இரண்டு பேர் நிஜமாகவே விழுந்தார்கள். அப்போது எங்கள் பேரூராட்சியின் கடைசி வார்டுக்கு நான் கவுன்சிலராகி ஏழெட்டு மாதம் ஆகியிருந்தது. கையில் ஒரு பேப்பரை வைத்துக்கொண்டு, வார்டில் நடந்த வேலைகளை வரிசையாக வாசித்துக்கொண்டிருந்தேன். ஐந்தாவதாக வாசித்த வரிக்குத்தான் அந்தச் சிரிப்பு.

வயலில் போய் எதற்குப் பேப்பர் வாசித்தேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கல்வராயன் மலைக்குக் கீழே, கோமுகி அணைத் தண்ணீர் பாய்கிற பக்கம் இருக்கிறது. கரும்பும் நெல்லும்தான் பயிர். எங்கள் தெரு ஊரிலேயே கடைசித் தெரு. ஒரு வீட்டுக்கும் சொந்தமாக நிலம் கிடையாது. ஆண்கள் கரும்பு வெட்டப் போவார்கள், பெண்கள் நடவுக்கும் களை எடுக்கவும் போவார்கள். நானும் அந்தக் கும்பலில் நாற்று நட்டவள்தான். வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது, பத்தாவது வரை படித்தவள் என்று என்னைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். ஓட்டுக் கேட்கப் போன அன்று என் ஓரகத்தி, அதாவது என் வீட்டுக்காரரின் அண்ணன் மனைவி, தெருவே கேட்கும்படி சொன்னாள்: "ஓட்டெல்லாம் போடறோம்டி. ஜெயிச்சிட்டா நீ கண்ணுலயே ஆப்புட மாட்ட." எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். "மாசா மாசம் வந்து இன்னா இன்னா செஞ்சேன்னு உன் மூஞ்சிக்கு நேரா சொல்றேன், போதுமாக்கா?" என்று கத்திவிட்டேன்.

கத்தியது கத்தியாயிற்று. ஆனால் எங்கே வைத்துச் சொல்வது? தெருவில் கூட்டம் போட்டால் வர ஆளில்லை. காலை ஆறு மணிக்குக் கிளம்புகிற பெண்கள் திரும்பி வர மூன்றரை, நான்கு ஆகிவிடும். அதற்கப்புறம் அடுப்பு, பிள்ளைகள், தண்ணீருக்கு அலைச்சல். என் வார்டு மொத்தமும் ஒரே இடத்தில் இருப்பது வயலில்தான். அதனால் மாதத்தில் ஒரு நாள் நானும் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சேற்றில் இறங்குவேன். அவர்கள் நட்டுக்கொண்டே கேட்பார்கள், நான் நட்டுக்கொண்டே சொல்வேன். எந்தத் தெருவிளக்கு எரிகிறது, எந்தச் சாக்கடை அள்ளியாயிற்று, பால்வாடிக்கு ஓடு எப்போது மாற்றுவார்கள், எல்லாம் சொல்வேன். யாரும் கை தட்ட மாட்டார்கள், கையில் நாற்று முடிச்சு இருக்கும். பிடித்திருந்தால் குனிந்தபடியே "உம்" என்பார்கள். பிடிக்காவிட்டால் நிமிர்ந்து பார்ப்பார்கள். நடவு நடுகிறவள் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்து பார்க்கிறாள் என்றால் விஷயம் மோசம்.

எங்கள் தெருவுக்குக் குழாய் கிடையாது. ஒரு மைல் தள்ளி ஒரு நிலத்துக்காரரின் பம்புசெட் இருந்தது. மோட்டார் ஓடுகிற நாளில் அங்கே போய்க் குடம் குடமாகத் தூக்கி வருவோம். கரண்டு இல்லாத நாளில் வாய்க்கால்தான். அதனால் நான் ஜெயித்ததும் முதலில் பிடித்துக்கொண்டது குழாயைத்தான். மனுவை எடுத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக ஏறினேன். இரண்டு மாதம் வயல் பக்கமே போகவில்லை, மாதப் பேச்சுக்குக்கூட மட்டம் போட்டுவிட்டேன். காலையில் குளித்து, தலை வாரி, பவுடர் போட்டுக்கொண்டு ஒன்பதரைக்குக் கிளம்புவேன். ஆபீஸ் திறக்கிற நேரம்தான் எனக்குப் பொழுது விடிகிற நேரம் என்று ஆகிப்போனது. கடைசியில் பைப் போட்டார்கள். தெரு முனையில் சிமெண்டுத் திண்டு கட்டி, ஒரு குழாயும் வைத்தார்கள்.

திறப்பு அன்று தெருவில் எல்லாரும் அரை நாள் வேலைக்கு மட்டம். குழாய்க்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்துத் தேங்காய் உடைத்தோம். சேர்மன் வந்தார், செயல் அலுவலர் வந்தார். சரியாக ஒன்பது மணிக்குத் தண்ணீர் கொட்டியது. என் ஓரகத்தி இரண்டு கையிலும் அள்ளி முகத்தில் அடித்துக்கொண்டு, "கெட்டிக்காரிதான்டி நீ" என்றாள். அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வருமென்று நான் கனவிலும் நினைத்ததில்லை. அன்றைக்கு எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாளிலிருந்து நான் தினமும் ஒன்பதே காலுக்குக் குழாயடிக்குப் போனேன். வரிசையே இல்லை. நாலு குடம் நிதானமாகப் பிடித்தேன். 'பரவாயில்லையே, எல்லாரும் முன்னாடியே பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் போல, தண்ணீர் தாராளமாக வருகிறது' என்று எனக்குள் ஒரே பெருமை. குழாயை மூடிவிட்டு வருவேன். அதன் திருகு நாலாம் நாளே பழுதாகிவிட்டது. அப்போதும் நான் யோசிக்கவில்லை. தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தாலும், அடுத்து யாராவது பிடிக்க வருவார்கள் என்று நினைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்விட்டேன்.

பத்து நாள் கழித்து, பெருமையைச் சொல்ல வயலில் இறங்கினேன். இந்த முறை வாயால் சொல்லவில்லை. பெரிய வேலை செய்தவள் இல்லையா, வரிசை நம்பர் போட்டுப் பேப்பரில் எழுதி எடுத்துக்கொண்டு போனேன். முதல் நாலுக்கும் "உம்" வந்தது. "ஐந்து. நமது தெருவில் குடிநீர்க் குழாய் அமைக்கப்பட்டு, தினமும் காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி நேரம் தண்ணீர் வழங்கப்பட்டு வருகிறது" என்று வாசித்தேன்.

வரிசை முழுக்க நிமிர்ந்தது. என் ஓரகத்திதான் கேட்டாள்.

"ஒம்போது மணிக்கா?"

"ஆமாக்கா."

"ஒம்போது மணிக்கு நம்ம தெருவுல யாருடி இருக்கா?"

ஒன்பது மணிக்கு எங்கள் தெருவில் நாய் இருக்கும், கோழி இருக்கும், எழுந்து நடக்க முடியாத கிழங்கள் இரண்டு மூன்று இருக்கும். மற்றவர்கள் எல்லாம் ஆறு மணிக்கே வேலைக்குப் போயாயிற்று. பதினைந்து வருஷம் நானும் ஆறு மணிக்குப் போனவள்தான். இரண்டு மாதம் பவுடர் போட்டுக்கொண்டதில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

"நாங்க வந்து தொறந்தா காத்துதான் வருது. கொழா கெட்டுப்போச்சாட்டம் இருக்குன்னு பேசிக்கினு இருந்தோம்" என்றாள் ஒருத்தி.

"அப்போ பத்து நாளா யாருதான் புடிக்கிறா?" என்றாள் இன்னொருத்தி.

"நான் நாலு கொடம் புடிச்சேன்" என்றேன். பொய் சொல்லத் தெரியாத வாய் எனக்கு. அப்போதுதான் அந்தச் சிரிப்பு வெடித்தது. ஒருத்தி வரப்பில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு பேர் சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். "கவுன்சிலரம்மா வூட்டுக்கும் ஊரு கோழிக்கும் ஸ்பெஷல் கொழாடி" என்று யாரோ சொல்ல, மறுபடி சிரிப்பு. நானும் சிரித்தேன். ஆனால் என் ஓரகத்தி சிரிக்கவில்லை. குனிந்து நாற்றை ஊன்ற ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெட்கமாக இருந்தது, வேறு வார்த்தை இல்லை.

மறுநாள் ஆபீசுக்குப் போனால் அங்கே வேறொரு கச்சேரி. பஜார் தெரு மெம்பர், மளிகைக் கடைக்காரர், மனு கொடுத்திருக்கிறார். கடைசித் தெருக் குழாயில் தினமும் ஒரு மணி நேரம் தண்ணீர் ஆளில்லாமல் சாக்கடையில் ஓடுகிறது, அந்தத் தெருக்காரர்களுக்குத் தண்ணீர் தேவையில்லை என்று தெரிகிறது, ஆகவே அந்த லைனை அடைத்துவிட்டு அந்த ஒரு மணியைப் பஜார் தெருவுக்குக் கொடுக்க வேண்டும். அடுத்த மன்றக் கூட்டத்தில் அதுதான் முதல் பொருள். கூட்டத்துக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது.

மனுஷன்மேல் எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. ஆனால் அவர் எழுதியதில் ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதுதான் இன்னும் எரிச்சல்.

"சார், காத்தால அஞ்சு மணிக்குத் தண்ணி உடுங்க" என்று செயல் அலுவலரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எதற்கும் அலுத்துக்கொண்டுதான் பதில் சொல்வார். "யாரும்மா வந்து திறக்கிறது? திறக்கிறவர் மலையிலிருந்து வர்றார். முதல் பஸ் பிடிச்சு அவர் இங்க இறங்கவே எட்டு ஆவுது. முதல்ல பஜார், அப்புறம் கோயில் தெரு, கடைசியில நீங்க." சாவியை எங்களிடம் கொடுங்கள், நாங்களே திறந்துகொள்கிறோம் என்றேன். வால்வு திருகும் அந்த நீள இரும்புச் சாவியை வேறு யாரிடமும் கொடுக்க விதியில்லையாம். ஒரே வழி, அவரை இங்கேயே தங்க வைப்பது. "போய் நீயே கேட்டுப் பாரும்மா. நான் கேட்டு ரெண்டு தடவை மாட்டேன்னுட்டார்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை டேங்க் கழுவுகிற நாள், அது வேறு ஆட்கள் வேலை. அவர் மலையில் வீட்டில்தான் இருப்பார். நான் கிளம்பியதும் என் ஓரகத்தியும் தலையை முடிந்துகொண்டு வந்து நின்றாள்.

"நீ எதுக்குக்கா?"

"நீ இன்னா பேசறன்னு நானே காதால கேக்கணும். உன்னை நம்பி அனுப்பினா ஒம்போதரைக்குத் தண்ணி வாங்கிக்கினு வருவ."

கச்சிராயபாளையத்தில் பஸ் மாறினோம். மலை ஏறத் தொடங்கியதும் அவள் வாய் தானாக மூடிக்கொண்டது. மூன்றாவது வளைவில் என் தோளில் சாய்ந்தாள், ஐந்தாவது வளைவில் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிவிட்டாள். இரண்டு எலுமிச்சம்பழம் காலி. "இத தெனமும் ரெண்டு வாட்டி ஏறி எறங்குறானா அந்த ஆளு?" என்று முனகினாள். எனக்குச் சிரிப்பாக இருந்தாலும் அடக்கிக்கொண்டேன்.

தண்ணீர் திறப்பவரின் வீடு, பஸ் நிற்கிற இடத்திலிருந்து ஒரு சரிவில் இறங்கிப் போனால் இருந்தது. சாமைக் காட்டுக்கு நடுவில் சின்ன வீடு. எங்களைப் பார்த்து மனிதர் பதறிப்போனார். "இன்னாங்க, டேங்க் உடைஞ்சிட்டுதா?" என்றுதான் முதலில் கேட்டார். இல்லையென்று தெரிந்ததும் கட்டிலை இழுத்துப் போட்டார். அவர் மனைவி வாசலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து சாமை புடைத்துக்கொண்டிருந்தார். போன மழைக்காலத்தில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்து முழங்கால் போய்விட்டதாம். கட்டுப் போட்டும் சரியாகக் கூடவில்லை.

குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்கள். அந்தத் தண்ணீரின் குளிர்ச்சி இன்னமும் என் தொண்டையில் இருக்கிறது. "உங்க ஊரு கொழாத் தண்ணி இவ்ளோ ஜில்லுன்னு இருக்கே" என்றாள் என் ஓரகத்தி.

"கொழா எங்கங்க இருக்கு? ஊத்துத் தண்ணிங்க. கீழ பள்ளத்துல இருக்கு" என்றார் அவர்.

எங்கள் ஊர் முழுக்கத் தண்ணீர் திறந்துவிடுகிற மனிதர் வீட்டில் குழாய் இல்லை. அந்த ஊரிலேயே இல்லை. நான் எதற்கு வந்தேனோ அதைக் கேட்க வாய் கூசியது. ஆனாலும் கேட்டேன். வாரத்தில் ஆறு நாள் எங்கள் ஊரில் தங்கினால் போதும், பால்வாடியில் இடம் தருகிறோம், மூன்று வேளைச் சோறு எங்கள் தெருப் பொறுப்பு, காலை ஐந்து மணிக்கு மட்டும் எங்களுக்கு வால்வைத் திறந்துவிட்டால் போதும் என்று கேட்டேன்.

அவர் தலையைச் சொறிந்தார். "ஆபீஸ்லயும் கேட்டாங்கம்மா. நான் தங்கிட்டா இவளுக்குத் தண்ணி யாரு கொண்டாறது? நாலு கொடம் ஏத்தி வச்சிட்டுத்தாங்க நான் மொத பஸ்ஸ புடிக்கிறேன்."

அதற்கு மேல் நான் என்ன கேட்பது? என் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் எழுந்து, மூலையில் இருந்த காலிக் குடத்தை எடுத்து, "ஊத்து எந்தப் பக்கம்?" என்றாள். கோபம் வந்தாலும் வருத்தம் வந்தாலும் அவளுக்குக் கை சும்மா இருக்காது. நானும் ஒரு குடத்தைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. நிறைகுடத்தை வழக்கம்போல இடுப்பில் வைத்து ஏறினால் சரிவு ஒரு பக்கமாக இழுக்கிறது, பாதித் தண்ணீர் புடவையில். மேலே வந்து சேர்ந்தபோது குடம் அரைக் குடமாகியிருந்தது. அவர் மனைவி எங்களைப் பார்த்துக் காலை நீட்டியபடியே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "மலையில இடுப்புல வச்சா ஆவுங்களா? தலையில சும்மாடு வச்சித் தூக்கணும்ங்க." அந்த மாதத்தில் என்னைப் பார்த்துப் பெண்கள் சிரிப்பது இரண்டாவது முறை.

சாமைச் சோறு போட்டார்கள். நாங்கள் சாப்பிட்டு முடிக்கும்போது, காட்டு வேலை முடிந்து அந்த ஊர்ப் பெண்கள் கும்பலாகக் குடத்தோடு ஊற்றுக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். சும்மா ஏதாவது பேசவேண்டுமே என்று, "இந்நேரத்துல போய்த் தண்ணி எடுக்குறாங்க?" என்று கேட்டேன்.

"வேலை முடிஞ்சி வந்துதாங்க எடுப்பாங்க. காத்தால யாருக்குங்க நேரம்?" என்றார் அந்த அம்மாள். பிறகு புடைப்பதை நிறுத்திவிட்டு, நிஜமாகவே தெரிந்துகொள்ளும் ஆசையில் கேட்டார்: "ஏங்க, உங்க ஊர்ல சாயங்காலம் தண்ணி புடிக்கக் கூடாதுங்களா?"

நான் என் ஓரகத்தியைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். இரண்டு பேரும் சேர்ந்து தண்ணீர் திறப்பவரைப் பார்த்தோம்.

"புடிக்கலாமேங்க" என்றார் அவர் வெகு சாதாரணமாக. "ஒம்போது மணிக்கு உங்களுக்கு உடுற தண்ணிய உடாம நிறுத்தினா அது டேங்க்லயேதான் நிக்கும். நாலு மணிக்குத் தொறந்துட்டு, அஞ்சுக்கு மூடிட்டு நான் கடைசி பஸ்ஸ புடிச்சிடுவேன்."

"இத ஏங்க இத்தினி நாளா சொல்லல?" என்று என் ஓரகத்தி பாய்ந்தாள்.

"எல்லாரும் சீக்கிரம் தொற, சீக்கிரம் தொறன்னுதாங்க கேக்கறாங்க. லேட்டா தொறன்னு ஒருத்தரும் கேக்கலையே."

தண்ணீர் என்றால் காலைதான் என்று எங்கள் எல்லார் மண்டையிலும் ஊறிப்போயிருந்தது. மேடு பள்ளம் பார்த்துப் பைப் போட்ட என்ஜினியருக்குத் தோன்றவில்லை, கவுன்சிலருக்குத் தோன்றவில்லை. கால் நீட்டி உட்கார்ந்து சாமை புடைத்த அம்மாளுக்குத் தோன்றியது. இறங்கும்போது வளைவுகளில் என் ஓரகத்திக்கு வாந்தியே வரவில்லை. வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள்.

கூட்டத்தில் பஜார் மெம்பர் எழுந்து, தண்ணீர் வீணாவதை ஏற்ற இறக்கத்தோடு பேசினார். நான் எழுந்து, "அவரு சொல்றது நூத்துக்கு நூறு நெசம்" என்றேன். அவருக்கே தூக்கிவாரிப் போட்டது. பிறகு சாயங்கால விஷயத்தைச் சொன்னேன். செயல் அலுவலர் கண்ணாடியைக் கழற்றினார். "ரிஜிஸ்டர்ல காலைன்னுதானேம்மா அச்சடிச்சிருக்கு. மாலைக்குக் கட்டமே இல்லையே." "பக்கத்துல பேனாவால ஒரு கோடு போட்டுக்கலாம் சார்" என்றேன். சேர்மன் சிரித்துவிட்டார். தீர்மானம் இப்படி ஆயிற்று: ஒரு மாதம் சோதனை. அதற்குள் ஒரு நாள் தண்ணீர் ஆளில்லாமல் சாக்கடையில் ஓடினாலும் லைன் அடைக்கப்படும், அந்த நேரம் பஜார் தெருவுக்குப் போகும்.

திங்கட்கிழமை முதல் நாள். காலையில் வேலைக்குப் போகும்போதே பெண்கள் அவரவர் குடங்களைக் குழாயடியில் வரிசையாக வைத்துவிட்டுப் போனார்கள். சிவப்பு, பச்சை, நீலம், தெரு முனையிலிருந்து வேப்பமரம் வரைக்கும் குடம். மூன்றரைக்கெல்லாம் வந்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். மூன்றரை ஆயிற்று, மூன்றே முக்கால் ஆயிற்று. ஒருத்தியையும் காணோம். நிலத்துக்காரர் கடைசிக் கழனியையும் முடித்துவிட்டுத்தான் போக வேண்டும் என்று பிடித்து வைத்துக்கொண்டது எனக்குப் பிறகுதான் தெரியும். சரியாக நாலு மணிக்குக் குழாய் இருமியது, காற்று விட்டது, பிறகு கொட்ட ஆரம்பித்தது. திருகுக்கு மாற்று வாங்கி வைத்திருந்தும், அதைப் போடுகிறவர் வரவில்லை. அப்போது பார்த்துப் பஜார் மெம்பரின் ஸ்கூட்டர் தெரு முனையில் வந்து நின்றது.

தெருவில் நான் ஒருத்திதான். யோசிக்க நேரமில்லை. முதல் குடத்தை வைத்தேன், நிறைந்தது, தூக்கினேன், அடுத்ததைத் தள்ளினேன். ஒரு கையால் இழுக்க, ஒரு கையால் வைக்க, இடையில் ஒரு சொட்டு சாக்கடைக்குப் போகக் கூடாது. பத்து நாள் நாலு குடம் பிடித்த பாவத்துக்கு அன்று தெரு மொத்தத்துக்கும் பிடித்தேன். ஏழாவது குடத்தில் மூச்சு வாங்கியது. பத்தாவதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. பதினொன்றாவது நிறைந்து தளும்பும்போது அடுத்த குடம் கைக்கு எட்டவில்லை. போச்சு, குழாய் போச்சு என்றுதான் நினைத்தேன்.

ஒரு பச்சைக் குடம் சரியாகக் குழாய்க்குக் கீழே வந்து நின்றது. நிமிர்ந்தால், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பஜார் மெம்பர்.

"இன்னாமா வேடிக்கை பாத்துக்கினு நிக்கிற? ரொம்பி வழியுது பாரு, எடும்மா!" என்று என்னையே அதட்டினார்.

எடுத்தேன். அவர் வைத்தார், நான் எடுத்தேன். கடையில் மூட்டை தள்ளிப் பழகிய கை, என்னைவிட வேகம். இருபது குடம் தாண்டியபோது வாய்க்கால் கரையில் சத்தம் கேட்டது. பெண்கள் ஓடி வந்துகொண்டிருந்தார்கள். முழங்கால் வரை சேறு, தூக்கிச் செருகிய புடவை, முன்னால் என் ஓரகத்தி. வந்தவள் மெம்பரைப் பார்த்து ஒரு கணம் நின்றாள். பிறகு, "நவுருங்கண்ணே, நாங்க பாத்துக்கறோம்" என்று அவர் கையிலிருந்த குடத்தை வாங்கிக்கொண்டாள். அவர் நனைந்த வேட்டியைப் பிழிந்துகொண்டே, "கொழாத் திருவாணிய மொதல்ல மாத்துங்க" என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை உதைத்தார். அன்றைக்கு அந்த மனிதரை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஐந்து மணிக்கு வால்வை மூடிவிட்டு, தண்ணீர் திறப்பவர் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்கும் பஸ்ஸுக்குமாக ஓடினார். ஓடும்போதே எங்கள் பக்கம் பார்த்துக் கை ஆட்டினார்.

மாதம் முடிந்தது, ஒரு சொட்டு வீணாகவில்லை. குழாய் எங்களுக்கே என்று ஆயிற்று. நான் பேப்பரோடு வயலில் இறங்கினேன். "ஐந்து. நம்ம தெருவுல தெனமும் சாயங்காலம் நாலு மணிக்குத் தண்ணி வருது." வரிசை முழுக்க ஒரே குரலில் "உம்" வந்தது. நான் நிறுத்தவில்லை. "ஆறு. தண்ணி தொறந்து உடுறவரு வூட்டுல இன்னும் வரல."

வரிசை நிமிர்ந்தது. இது நம்ம வார்டு இல்லை, நம்ம பேரூராட்சிகூட இல்லை, மலையில் வேறு பஞ்சாயத்து, நான் எப்படி அதைச் செய்ய முடியும் என்று யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. என் ஓரகத்தி சேற்றுக் கையால் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "கொழா வர்ற மட்டும் அதையும் மாசா மாசம் படி" என்றாள்.

படித்தேன். அடுத்த நாலு வருஷமும் மாதா மாதம் படித்தேன். தெரு மொத்தமும் கைநாட்டும் கையெழுத்துமாகப் போட்ட மனுவோடு கள்ளக்குறிச்சிக்கு எத்தனை முறை போயிருப்பேன் என்று நினைவில்லை. மனுநீதி நாளில் என்னைக் கண்டாலே, "வந்துட்டாங்க, கீழ் ஊரு கவுன்சிலர், மேல் ஊருத் தண்ணிக்கு" என்று சிரிப்பார்கள். அந்த ஆறாவது வரியை அடிக்க முடியாமலேயே என் பதவிக் காலம் முடிந்தது. நான் பழையபடி ஆறு மணிக்கு நடவுக்குப் போகத் தொடங்கினேன்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு நாள் சாயங்காலம், குழாயடியில் குடத்தோடு நிற்கிறேன். தண்ணீர் திறப்பவர் தெருவுக்குள் வந்தார், பின்னால் அவர் மனைவி, கம்பை ஊன்றி மெல்ல நடந்து. கால் வைத்தியத்துக்குக் கீழே வந்தவர்கள், எங்களைப் பார்த்துவிட்டுப் போக வந்தார்களாம்.

"எங்க ஊருக்குக் கொழா வந்துடுச்சுங்க" என்றார் அந்த அம்மாள். "எங்க வாசலுக்கு நேரா."

நான் குடத்தைக் கீழே வைத்துவிட்டேன். என் ஓரகத்தி ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்குக் கண் நிறைந்துவிட்டது, மறைக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் கேட்கத் தோன்றியது.

"எந்நேரத்துக்கு வுடறாங்க?"

அவர் புருஷனைப் பார்த்தார். இரண்டு பேருக்கும் சிரிப்பு.

"காத்தால ஒம்போது மணிக்குங்க. எல்லாரும் காட்டுக்குப் போனப்பொறவு."

என் ஓரகத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைத்தான் முறைத்தாள், ஏதோ நான்தான் திறந்துவிட்ட மாதிரி. நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாள் என் தோளைத் தட்டினார்.

"பயப்படாதீங்க. எங்க மெம்பரும் ஒரு பொண்ணுதாங்க, உங்களாட்டமே துடுக்கு. அதுகிட்ட சொல்லிட்டேன், லேட்டா தொறக்கச் சொல்லுன்னு."